கூட்டேரிப்பட்டில் நாங்கள் நால்வர்

எங்கள் நான்கு பேரையும் ஒன்று சேர்த்தது ஒழுகிக்கொண்டிருந்த ஒரு ஏசி. விழுப்புரத்தில் ஓர் ஓட்டலின் மாடிக் கூடத்தில், மியூச்சுவல் ஃபண்டு விற்கும் எங்களைப் போன்ற சிறிய முதலீட்டு நிறுவனக்காரர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. முன்னதாக வந்தவர்கள் நல்ல மேஜைகளைப் பிடித்துவிட்டார்கள். ஏசிக்கு நேர் கீழே, நடுவில் பிளாஸ்டிக் வாளி வைத்திருந்த மேஜைதான் மிச்சம். தாமதமாக வந்த நால்வரும் அந்த வாளியைச் சுற்றி உட்கார்ந்தோம்.

பயிற்சி கொடுக்க வந்தவர் சென்னைப் பெண்மணி. மாற்றத்தைச் சமாளிப்பது பற்றி மதியம் வரை பேசினார். விண்ணப்பத் தாள் போய்க் கைபேசி வந்துவிட்டது, வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் நம்மைக் கேட்காமலே ஆப்பில் முதலீடு செய்கிறார்கள், விதிமுறைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, பெரிய நிறுவனங்கள் சிறியவற்றை வாங்கிக்கொண்டிருக்கின்றன. இதையெல்லாம் தனி ஆளாக யோசித்தால் தலைதான் சுற்றும், ஒரே தொழிலில் இருக்கும் நாலைந்து பேர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள் என்றார். அதற்கு விதிகளும் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஒருவர் தன் சிக்கலைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்க வேண்டும், அறிவுரை சொல்லக் கூடாது. ஒருவருடைய வாடிக்கையாளரை இன்னொருவர் இழுக்கக் கூடாது. பிறகு, ஒரு மேஜை ஒரு குழு என்று அறிவித்துவிட்டு எல்லோரையும் சாப்பிடப் போகச் சொன்னார்.

அன்று உருவான மற்ற குழுக்கள் எல்லாம் ஓரிரு மாதத்தில் கலைந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். வாளி மேஜைக்காரர்களான நாங்கள் மட்டும் இன்னும் கூடிக்கொண்டிருக்கிறோம்.

என் அலுவலகம் விழுப்புரத்தில், பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. முன்பு ஒரு பெரிய நிறுவனத்தின் கிளையில் வேலை பார்த்தேன். கிளையை மூடியபோது வாடிக்கையாளர் சிலர், நீங்களே ஆரம்பியுங்கள், நாங்கள் வருகிறோம் என்றார்கள். ஆரம்பித்துவிட்டேன். என்னோடு அதே கிளையில் இருந்த பெண் ஒருத்தியும் வேலைக்கு வந்துவிட்டாள். நாங்கள் இருவர்தான் நிறுவனம்.

மற்ற மூவரில் ஒருவர் கண்டமங்கலத்துக்காரர். காப்பீட்டு முகவராக இருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். காலையில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். பஸ் வருவதற்குள் விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும் என்பதாலோ என்னவோ, அவர் பேச்சு எப்போதும் ஒரு வாக்கியத்தைத் தாண்டாது. இன்னொருத்தி பொம்மையார்பாளையத்துப் பெண். எங்களில் இளையவள். கடலோர விடுதி ஒன்றில் வரவேற்பில் வேலை பார்த்தவள். விடுதிக்காரர்களும் மீன் விற்கிற பெண்களும் அவளிடம் முதலீடு செய்கிறார்கள். அவளுக்கு அலுவலகமே கிடையாது. எல்லாம் கைபேசியும் ஸ்கூட்டியும்தான்.

நான்காமவர் திண்டிவனத்துக்காரர். அறுபதை நெருங்கியவர். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவர் குரலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நல்ல கனத்த குரல். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் பேசினால் அடுத்த அறையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். பயிற்சி நாளன்று, வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் பேச ஆரம்பித்தார். அதற்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

எல்லோருக்கும் வரத் தோதாக இருக்கும் என்று கூட்டேரிப்பட்டைத் தேர்ந்தெடுத்தோம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மெஸ். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, மாடி அறையை எங்களுக்குத் திறந்து விடுவார் மெஸ்காரர். நாங்கள் என்ன பேசுகிறோம் என்று அவருக்கு ரொம்ப நாள் புரியவில்லை. கல்யாணம் பேசுகிறார்கள், படியமாட்டேன் என்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

முதலில் என் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டோம். தாள் விண்ணப்பங்களை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கைபேசி வழியாகச் செய்ய நான் முயன்றுகொண்டிருந்தேன். என் அலுவலகப் பெண் பிடி கொடுக்கவில்லை. நாளைக்குக் கற்றுக்கொள்கிறேன் என்பாள், மறுநாள் தலைவலி என்பாள். வயதாகிவிட்டது, புதியது ஏறவில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். திண்டிவனத்துக்காரர் உடனே, ஒரு வாரம் லீவு கொடுங்கள், வேறு ஆள் பாருங்கள், இல்லாவிட்டால் என்னிடம் அனுப்புங்கள் என்று அறிவுரைகளை அடுக்கினார். கண்டமங்கலத்துக்காரர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

“அவங்களுக்கு இன்னா பயம்னு கேட்டீங்களா மேடம்?”

நான் கேட்டதில்லை. அடுத்த திங்கட்கிழமை கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடினாள்.

“ஆப் கத்துக்கறது ஒன்னும் கஷ்டம் இல்லீங்க. எல்லாரும் வூட்லயே போன்ல முடிச்சிக்கினா இங்க யாரு வருவா? யாரும் வராத ஆபீஸ்ல எனக்கு இன்னா வேலை இருக்கும்?” என்றாள்.

அதற்குப் பிறகு வழி தானாகத் தெரிந்தது. கடவுச்சொல்லை மறந்தவர்கள், குறுஞ்செய்தியில் வரும் எண் எங்கே என்று தெரியாதவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருப்பவர்கள் எல்லாரையும் வாரத்தில் இரண்டு நாள் வரச் சொன்னோம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கைபேசியிலேயே செய்துகொடுத்தாள். தாள் இருந்த காலத்தை விட இப்போது எங்கள் அலுவலகத்தில் செருப்புகள் அதிகம் கிடக்கின்றன. ஒரு கேள்வியில் இவ்வளவு நடக்கும் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அந்தக் குழு மேல் நம்பிக்கை வந்தது.

திண்டிவனத்துக்காரருக்கோ கேள்வி கேட்க வரவே இல்லை. கேள்வி போலத் தொடங்கி அறிவுரையில் போய் முடிப்பார். “நான் கேக்கறேன் மேடம், நீங்க ஏன் கடைய மெயின் ரோட்டுக்கு மாத்தக் கூடாது?” என்பார். இப்படி இருந்தால் சரிப்படாது என்று பொம்மையார்பாளையத்துப் பெண் ஓர் ஏற்பாடு செய்தாள். யார் அறிவுரை சொல்கிறார்களோ, அவர்தான் அன்றைக்கு டீ வாங்கித் தர வேண்டும். அன்றிலிருந்து மாதாமாதம் அவர்தான் வாங்கித் தந்தார். கொஞ்ச நாள் கழித்து, வந்து உட்காரும்போதே டீயோடு வாழைக்காய் பஜ்ஜியும் சொல்லிவிடுவார். இன்றைக்கு நிறைய அறிவுரை வைத்திருக்கிறார் என்று புரிந்துகொள்வோம்.

அவர் அலுவலகத்தை நான் ஒருமுறை பார்த்திருந்தேன். திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே. வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்கள். அவர் ஒவ்வொருவரையும் எதிரில் உட்காரவைத்து, பங்குச்சந்தை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது, பயப்படாமல் இருப்பது எப்படி என்று முக்கால் மணி நேரம் பேசுவார். கீழே பாத்திரம் வாங்க வந்தவர்கள் கூட நின்று கேட்பார்களாம். கைபேசியில் குழு வைத்துச் செய்தி அனுப்பலாமே என்று பொம்மையார்பாளையத்துப் பெண் கேட்டபோது அவருக்குக் கோபம் வந்தது.

“மூஞ்சியப் பாக்காம துட்டு போடறவன் மூஞ்சியப் பாக்காமயே எடுத்துக்கினு போயிடுவாம்மா. நான் எதிர்ல உக்கார வச்சிப் பேசுன ஆளு ஒருத்தர் கூட பயந்து ஓடனதில்ல” என்றார். அந்த விஷயத்தை அதோடு விட்டுவிட்டோம்.

அவர் குரல் எப்போது கரகரக்கத் தொடங்கியது என்று சரியாக நினைவில்லை. நெடுஞ்சாலைத் தூசு என்றார். அப்புறம் பனி என்றார். மிளகும் மஞ்சளும் போட்ட பாலைப் பிளாஸ்கில் கொண்டுவந்து குடித்துக்கொண்டே பேசினார். ஒரு கூட்டத்தில், வாக்கியத்தின் நடுவில் குரல் அடியோடு நின்றுபோனது. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. நாங்கள் சிரித்துவிட்டோம், அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் சத்தம் இல்லை என்பதைக் கவனித்தபோதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அவர் மனைவியிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அதற்கு முன் அந்த அம்மாவோடு நான் பேசியதில்லை.

“குரல்வளையில ஒரு கட்டி இருந்தது. புதுச்சேரியில ஆபரேஷன் ஆயிடுச்சு. கெட்ட கட்டி இல்லன்னு சொல்லிட்டாங்க. குரல் மட்டும் பழைய மாதிரி வராதாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன்” என்றார்.

அவ்வளவுதான். நான் பதறிக்கொண்டு ஏதேதோ கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் தெளிவாக ஒரு வரியில் பதில் வந்தது. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அதற்கடுத்த கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவர் இளைத்திருந்தார். கழுத்தில் மப்ளர். பல வாரங்களுக்கு ஒரு வார்த்தையும் பேசக் கூடாது, கிசுகிசுவென்று கூடப் பேசக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. மாடிப்படி ஏறி வந்து எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். பிறகு கைபேசியை எடுத்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். நாங்கள் காத்திருந்தோம். அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கீழே லாரிகள் போவது கேட்டது. மெஸ்காரர் பாத்திரம் கழுவுவது கேட்டது.

எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். நான் சத்தமாகப் படித்தேன். “சென்னைக் கம்பெனி ஒன்று என் நிறுவனத்தைக் கேட்கிறது. கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். என் முதல் என் வாய்தான். அது போய்விட்டது.”

பொம்மையார்பாளையத்துப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். கண்டமங்கலத்துக்காரர்தான் கேட்டார்.

“சார், உங்க பேச்ச கேக்கணும்னு வர்றாங்களா, உங்ககிட்ட பேசணும்னு வர்றாங்களா?”

அவர் முகம் சிவந்தது. விறுவிறுவென்று தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். மறுபடி அழித்தார். கடைசியில் அவர் காட்டிய திரையில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. “தெரியாது.”

“தெரிஞ்சிக்கலாமாண்ணே?” என்று கேட்டாள் பொம்மையார்பாளையத்துப் பெண்.

எப்படி என்று அவர் கையை விரித்தார். அங்கே உட்கார்ந்தபடியே பேசி முடிவு செய்தோம். சென்னைக்காரர்களிடம் கொஞ்ச அவகாசம் கேட்பது. அலுவலகத்தை வழக்கம்போல் திறந்து வைப்பது. நாங்கள் மூவரும் ஆளுக்கு ஒரு நாள் காலையில் போய் அவர் பக்கத்தில் இருப்பது. முதலீடு, மாற்றம் எல்லாம் அவர் பெயரில்தான் நடக்கும், நாங்கள் வெறும் வாய். அதைச் சொல்லும்போதே எங்களுக்குள் ஒரு சங்கடம் இருந்தது. நாங்கள் போட்டிக்காரர்கள். அவருடைய வாடிக்கையாளர்கள் வரிசையாக வந்து எங்கள் எதிரில் உட்காரப் போகிறார்கள். எந்தத் தொழில்காரரும் இதற்கு யோசிப்பார். அவரும் யோசித்தார்.

அதுவரை சும்மா இருந்த அவர் மனைவி சொன்னார். “வித்துட்டா வூட்ல சும்மா இருப்பாரா? எழுதி எழுதிக் காட்டிக்கினே இருப்பாரு. படிச்சிப் படிச்சி எனக்குக் கண்ணு போயிடும். ஆபீஸ தொறங்க.”

திண்டிவனத்துக்காரர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். அன்றைக்கு டீக்குக் கண்டமங்கலத்துக்காரர் கொடுத்தார்.

புதன்கிழமைகள் என் முறை. விழுப்புரத்திலிருந்து காலைப் பஸ்ஸில் போய் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இறங்குவேன். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கொரு நாற்காலி. அவர் முன்னால் பிள்ளைகள் எழுதிப் பழகும் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும். நான் போக ஆரம்பித்த சில வாரங்களில் சந்தை மளமளவென்று இறங்கத் தொடங்கியது. இப்படிப்பட்ட நாட்களில்தான் அவர் குரல் உச்சத்தில் இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது அவர் மப்ளரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படிக்கட்டில் ஆட்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது.

அன்று முதலில் வந்தவர் மல்லாட்டை வியாபாரி. நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். ரொம்ப வருஷத்து வாடிக்கையாளர். வந்ததும் வராததுமாக, “சார், அத்தினியும் எடுத்துடலாம்னு வந்திருக்கேன்” என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தயாரானேன். திண்டிவனத்துக்காரர் என் பக்கம் கையை நீட்டி நிறுத்தினார். பலகையை எடுத்தார். அந்தச் சின்னப் பலகையில் அவருடைய முக்கால் மணி நேரப் பேச்சை எழுத முடியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஏன்?” என்று மட்டும் எழுதிக் காட்டினார்.

வியாபாரி அந்தப் பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேசினார். முதலில் சந்தை, பேப்பரில் போட்டது, மைத்துனர் சொன்னது. அப்புறம் அவர் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்பா அந்தக் காலத்தில் ஒரு தனியார் நிதிக் கம்பெனியில் போட்டு வைத்தாராம். ஒருநாள் காலையில் போனால் பூட்டு தொங்கியது. அப்பா அந்தப் பூட்டைப் பற்றிச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் என்றார். “ஒவ்வொரு மாசமும் பேங்க்ல இருந்து இதுக்குப் பணம் பிடிக்கறப்ப எனக்கு அந்தப் பூட்டு ஞாபகம் வந்துடும் சார். உங்ககிட்ட சொன்னா பயந்தாங்கொள்ளின்னு நெனப்பீங்கன்னு சொல்லல.”

திண்டிவனத்துக்காரர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வியாபாரி குடித்தார். நான் கைபேசியில் எதையோ பார்ப்பது போலப் பாவனை செய்தேன். பிறகு வியாபாரியே சொன்னார், பாதியை எடுத்துக்கொள்கிறேன், மீதி இருக்கட்டும், அந்தப் பாதி கையில் இருந்தால் தூக்கம் வரும் என்று. அதைச் செய்துகொடுத்து அனுப்பினோம்.

அவர் படியிறங்கிப் போன பிறகு திண்டிவனத்துக்காரர் பலகையில் எழுதி என்னிடம் காட்டினார். “அவங்க அப்பா கதை எனக்குத் தெரியவே தெரியாது.” அழித்துவிட்டு இன்னொரு வரி எழுதினார். “நான் விட்டதே இல்லையே, அவரைப் பேச.”

எல்லோரும் அப்படி இருந்துவிடவில்லை. சிலர் அவர் நிலையைப் பார்த்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், திரும்ப வரவில்லை. ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் எல்லாவற்றையும் எடுத்து ஆப்புக்கு மாறிவிட்டார். அன்றைக்குத் திண்டிவனத்துக்காரர் சாப்பிடவில்லை. ஆனால் போனவர்களை விட இருந்தவர்கள் அதிகம். நாங்கள் மூவரும் பேசியதும் ரொம்பக் கொஞ்சம். வந்தவர்கள்தான் பேசினார்கள். கண்டமங்கலத்துக்காரர் ஒரு காலை முழுக்க அங்கே இருந்து, எண்ணினால் பத்துப் பன்னிரண்டு வாக்கியம்தான் சொல்லியிருப்பார் என்று பொம்மையார்பாளையத்துப் பெண் கேலி செய்தாள்.

தொலைபேசிதான் சிக்கலாக இருந்தது. வெளியூர் வாடிக்கையாளர்கள் அழைப்பார்கள். நாங்கள் இல்லாத நாட்களில் எடுக்க ஆள் இல்லை. ஒரு புதன்கிழமை நான் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கணவருக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்த அவர் மனைவி எடுத்தார். மறுமுனையில் யாரோ படபடவென்று பொரிந்திருக்க வேண்டும். அவர் நிதானமாகக் கேட்டார். பிறகு, “உங்களுக்கு இந்தப் பணம் எப்ப தேவைப்படுது?” என்றார். பதிலைக் கேட்டுவிட்டு, “சரிங்க, குறிச்சிக்கினேன். சாரு பாத்துட்டு இன்னைக்கு சாயந்தரத்துக்குள்ள மெசேஜ் போடுவாரு. வச்சிடட்டுங்களா?” என்று வைத்துவிட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவர் கணவரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திருமணமாகி இத்தனை வருஷத்தில், வேலையில் மனைவி எப்படிப் பேசுவார் என்பதை அன்றுதான் கேட்கிறார் என்று தோன்றியது.

“அக்கா, நீங்களே இதைப் பாக்கலாமே” என்று நான் சொல்லிவிட்டேன். அறிவுரைதான். ஆனால் அது கூட்டம் இல்லை என்பதால் டீ கணக்கில் வராது.

அந்த யோசனை அக்காவுக்கும் இருந்திருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் வாடிக்கையாளரிடம் ஃபண்டு பற்றிப் பேச ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு. அதை அவரே கூட்டேரிப்பட்டுக்கு வந்து ஒரு சிக்கலாக எடுத்து வைத்தார். பள்ளிப் படிப்புக்கு அப்புறம் தான் பரீட்சை என்று எதையும் எழுதியதில்லை, எழுதலாமா என்று கேட்டார். நாங்கள் முறைப்படி கேள்விகள் கேட்டோம். எதற்காக எழுத நினைக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, “வூட்ல இருந்தா டிவிதான் பேசுது” என்றார்.

அப்போதுதான் டாக்டர், தினமும் கொஞ்சம் பேசிப் பழகலாம் என்று திண்டிவனத்துக்காரரை அனுமதித்திருந்தார். அன்றைய கூட்டத்தின் பிற்பகுதியில் பொம்மையார்பாளையத்துப் பெண்ணின் விஷயம் வந்தது. பெங்களூரில் ஓர் ஆப் கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. நல்ல சம்பளம். அவள் அம்மா போகச் சொல்கிறாள். இவளுக்கு மீன்காரப் பெண்களை விட்டுப் போக மனமில்லை. நாங்கள் என்ன கேள்வி கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அப்போது மூங்கில் இடுக்கில் காற்று நுழைந்தது போல ஒரு சத்தம் வந்தது.

“போவாதம்மா.”

திண்டிவனத்துக்காரர்தான். அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். கண்டமங்கலத்துக்காரர் கையைத் தட்டினார். அந்த மெலிந்த குரல் எங்களுக்குப் பழக்கமில்லாததுதான், ஆனால் சொன்ன தோரணை அவருடையது. அவர் மனைவி சட்டென்று அவர் சட்டைப் பையில் கையை விட்டுப் பணத்தை எடுத்து, படிக்கட்டில் நின்றபடி ஐந்து டீ சொன்னார். அந்தப் பெண் பெங்களூருக்குப் போகவில்லை. அவர் சொன்னதால் போகாமல் இருந்ததாக நினைக்க வேண்டாம் என்று இன்றும் எல்லோரிடமும் சொல்லுவாள்.

தேர்வுக்கான பாடங்களை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். கூட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் பாடம். கண்டமங்கலத்துக்காரர் கணக்கு சொல்லிக்கொடுத்தார். பொம்மையார்பாளையத்துப் பெண் கம்ப்யூட்டரில் மாதிரித் தேர்வு வைத்தாள். எனக்கு விதிமுறைகள். அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. புரியவில்லை என்றால் தலையாட்டமாட்டார். “இன்னொரு தடவ சொல்லு” என்பார். அவருக்காகச் சொல்லும்போதுதான் பல விஷயங்கள் எனக்கே சரியாகத் தெரியாது என்பதைக் கண்டுபிடித்தேன்.

முதல் முறை தேறவில்லை. புதுச்சேரியில் தேர்வு மைய வாசலில் நானும் காத்திருந்தேன். வெளியே வந்த அக்காவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. பைக்கில் சாய்ந்து நின்ற திண்டிவனத்துக்காரர் நிமிர்ந்தார். பக்கத்தில் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். இருவரும் பிளாட்பாரத்தில் நின்று குடித்தார்கள். அக்கா குடித்து முடித்துவிட்டுச் சொன்னார், “கேள்வி எல்லாம் தெரிஞ்சதுதான். ஸ்கிரீன் எழுத்துதான் தெரியல. கண்ணாடிய மாத்தணும்.” கண்ணாடியை மாற்றினார். அடுத்த முறை தேறிவிட்டார். அன்று எங்கள் எல்லோருக்கும் அவரிடமிருந்து ஒரே செய்தி வந்தது. “முடிஞ்சது.” திண்டிவனத்துக்காரரிடமிருந்து வந்த செய்தியோ, படித்து முடிக்க எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. பேச முடியாத காலத்தில் தட்டித் தட்டி அவருக்கு விரல் நன்றாகப் பழகிவிட்டது. வாடிக்கையாளர்களுக்காக அவரே ஒரு கைபேசிக் குழுவும் தொடங்கி, தினமும் காலையில் கட்டுரை கட்டுரையாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

சென்னைக்காரர்களுக்கு வேண்டாம் என்று பதில் எழுதினார்கள். அலுவலக வாசலில் பெயர்ப்பலகை மாறியது. இருவர் பெயரும் இருக்கிறது. புதன்கிழமைகளில் நான் திண்டிவனம் போவது நின்றுபோனது. முதல் சில வாரம் அந்தக் காலைகளில் எனக்குக் கை ஒடிந்தது போலிருந்தது. ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டு ஒருமுறை போனேன். அக்கா வேலையைப் பார்த்துக்கொண்டே, “வந்தியா, உக்காரு, கேப்பைக் கூழ் இருக்குது” என்றார்.

குழுவில் இப்போது ஐந்து பேர். போன மாதம் அக்காதான் சிக்கலைச் சொல்ல வேண்டிய முறை. கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் குரல் மெல்லத் தேறியிருக்கிறது, ஆனால் உரக்க வராது. அதற்காக, வகுப்பில் ஆசிரியர்கள் மாட்டிக்கொள்வார்களே, இடுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கியும் கன்னத்தோரம் மைக்கும், அதை இணையத்தில் வாங்கிவிட்டார். அலுவலகத்தில் அதை மாட்டிக்கொண்டு, வருகிறவர்களிடம் பழையபடி நீளமாகப் பேசத் தொடங்கிவிட்டார் என்பதுதான் அக்காவின் புகார்.

“எதிர்ல உக்காந்திருக்கற ஆளுகிட்ட இன்னாத்துக்கு ஸ்பீக்கரு? பாத்திரக்கடைக்காரரு வந்து சொல்லிட்டுப் போறாரு. ரொம்ப பேஜாரா கீது” என்றார்.

நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேள்வி கேட்க முயன்றோம். வாடிக்கையாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நான் கேட்டேன். அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று அவரும், மரியாதைக்காகச் சொல்கிறார்கள் என்று அக்காவும் சொன்னார்கள். அந்த மைக்கை ஏன் விரும்புகிறீர்கள் என்று பொம்மையார்பாளையத்துப் பெண் அவரைக் கேட்டாள். பையிலிருந்து அதை எடுத்தார். இடுப்பில் கட்டினார். மைக்கை வாய்க்கு நேராக இழுத்து வைத்துக்கொண்டார்.

“அவங்க சொல்றத மொதல்ல நான் கேக்கறேனா இல்லியா, இவளையே கேளுங்க. முழுசா கேட்டுட்டு அப்புறம்தான் பேசறேன்” என்றார். அறை அதிர்ந்தது.

“கேக்கறாரு” என்று அக்கா ஒப்புக்கொண்டார். “அது மட்டும் உண்மை. கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கறாரு.”

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மாதாமாதம் சிறுகச் சிறுகப் போடுவதில் என்ன லாபம், சந்தை இறங்கும்போது ஏன் நிறுத்தக் கூடாது என்று தொடங்கிவிட்டார். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான். யாரும் நிறுத்தவில்லை. நானே கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது படிக்கட்டில் காலடிச் சத்தம். ஒருவர் தலை தெரிந்தது. மயிலம் பக்கத்து விவசாயியாம், கீழே மெஸ்ஸில் தாமதமாகச் சாப்பிட உட்கார்ந்தவர். கை கூடக் கழுவாமல், சோற்றுக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கீழ கேட்டுச்சிங்க. மாசா மாசம் போடறதுன்னா எப்படிங்க?” என்றார்.

திண்டிவனத்துக்காரர் மைக்கைச் சரிசெய்துகொண்டார். அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காரச் சொன்னார்.